ஆஸ்பத்திரிக் கழிவுகளும் அவற்றை அகற்றும் முறையும்: ஹைதராபாத் நகரின் அனுபவம்

ஆஸ்பத்திரியில் நாள்தோறும் சேரும் கழிவுப் பொருள்கள் யாவுமே நோயைப் பரப்பக் கூடியவை என்னும் எண்ணம் பரவலாக இருந்து வருகிறது. இது சரியன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, இக்கழிவுகளில் 100க்கு 85 பங்கு காகிதம், அட்டைப்பெட்டி, உணவு மிச்சம், பழத்தோல் முதலிய சாதாரணக் குப்பையேயாகும். எஞ்சிய 15 பங்கில் ஏறத்தாழ 10 பங்கு நோய்க் கிருமிகளைக் கொண்டது. 5 பங்கு ரசாயனப் பொருள்களும் கதிரியக்கப் பொருள்களுமாகும். ஆகவே அபாயம் சிறிய ஒரு பகுதியிலேயே அடங்கியிருக்கிறது. அந்தப் பகுதி பிறவற்றுடன் கலந்துவிட்டால் மட்டுமே அது பெரிதாகிறது.

உதாரணமாக, ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நாளில் 100 கிலோ கழிவு சேர்கிறது எனக் கொள்வோம். கழிவு உண்டாகும் இடத்திலேயே, அதாவது நோயாளியின் கட்டிலருகிலேயே, அதைத் தரம் பிரித்தால் சிகிச்சைக்கு உட்படுத்த வேண்டியது 15 கிலோவே. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினால், இரத்தம் தோய்ந்த பஞ்சு பழத்தோலுடனும் காகிதத்துடனும் சேர்ந்து, 100 கிலோவையும் கிருமியுள்ளதாகவே கருத வேண்டியதாகிறது. இதனால் செலவு ஏறத்தாழ ஏழு மடங்காகிறது. அச்செலவுக்கு அஞ்சி எல்லாவற்றையும் நகராட்சிக் குப்பையில் சேர்த்துவிட்டாலோ, அதனால் வரும் தீங்கு ஆஸ்பத்திரியின் மதிலுக்கு வெளியே உள்ளோரைச் சென்று சேர்கிறது. கலந்த குப்பையைப் பின்னர் பிரித்தெடுக்கலாம் என்பது வீண் எண்ணம். அதைச் செய்பவரே முதலில் காயம்படுவார். மருத்துவக் கழிவைப் பற்றிய விதிகள் எத்தனை பக்கம் நீண்டிருந்தாலும், அவற்றின் அடிப்படை இந்த எளிய கணக்கே.

ஊசி முனையின் அபாயம்

கழிவுகளில் மிகவும் கொடியது கூர்மையான பொருளாகும். நோயாளி ஒருவரின் உடலில் செலுத்தப்பட்ட ஊசி பிறிதொருவரின் கையில் குத்திவிட்டால், அந்நோயாளிக்குள்ள நோய் குத்தப்பட்டவருக்குத் தொற்றுவதற்கான வாய்ப்பு கணக்கிடப்பட்டுள்ளது. ஹெபடைடிஸ் 'பி' எனப்படும் கல்லீரல் அழற்சி, தடுப்பாற்றல் இல்லாதவருக்கு 100க்கு 30 வரை தொற்றக்கூடும். ஹெபடைடிஸ் 'சி' 100க்கு 1.8 என்ற அளவிலும், எச்.ஐ.வி. 100க்கு 0.3 என்ற அளவிலும் தொற்றக்கூடும். பொதுமக்கள் பெரிதும் அஞ்சுவது கடைசியாகக் கூறப்பட்டதற்கே. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் அஞ்ச வேண்டியது முதலில் கூறப்பட்டதற்கே என்பது தெளிவாகும்.

இவ்விதம் காயம்படுவோர் யார்? டாக்டர்களும் நர்ஸுகளும் மட்டுமல்லர். வார்டைக் கூட்டும் ஆயா, பைகளைத் தூக்கிச் செல்லும் தொழிலாளி, குப்பை லாரியில் வேலை செய்வோர், கடைசியாகக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்கி விற்று வாழும் பெண்கள், சிறுவர்கள் ஆகியோரும் இதற்கு ஆளாகின்றனர். படிப்படியாகக் கீழே செல்லச் செல்லக் கையுறையும் பூட்ஸும் குறைகின்றன; ஊசி மட்டும் குறைவதில்லை. ஊசி குத்தியது என்பதை எங்கே சென்று யாரிடம் கூறுவது என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஹெபடைடிஸ் 'பி' நோய்க்குத் தடுப்பூசி உண்டு. மரபணு இணைப்பு முறையில் இந்தியாவில் முதன்முதலாக அத்தடுப்பூசியை உற்பத்தி செய்து 1997ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது ஹைதராபாத்திலுள்ள சாந்தா பயோடெக்னிக்ஸ் ஸ்தாபனமே. அதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த மருந்தின் விலை சாதாரணக் குடும்பத்திற்கு எட்டாததாக இருந்தது. உள்நாட்டு மருந்து வந்த பின் விலை வெகுவாக இறங்கியது. கழிவைக் கையாளும் ஊழியர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் 'பி', டெட்டனஸ் ஆகியவற்றுக்கான தடுப்பூசி போடவேண்டும் என்பது இன்று விதியாகும். ஆஸ்பத்திரியின் நேரடிச் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும் என்பதைக் கண்காணிப்பு ஊழியர்கள் மறத்தலாகாது.

குப்பையில் எறியப்பட்ட ஊசிக்குழல் மறுபடியும் உபயோகத்துக்கு வருவது மற்றோர் அபாயம். குஜராத் மாநிலத்தில் மோடாசா என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் 2009ஆம் ஆண்டில் ஹெபடைடிஸ் 'பி' கொள்ளைநோய் போலத் தாக்கிப் பலரைப் பலிகொண்டது. ஒருமுறை உபயோகித்த ஊசிக்குழல்களையே மீண்டும் உபயோகித்தது அதற்குக் காரணமாகக் காணப்பட்டது. முழு உருவத்துடன் வெளியே செல்லும் ஊசிக்குழல் ஒவ்வொன்றும் விற்பனைக்குரிய சரக்கே என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்திற்று.

ஹைதராபாத்தில் பொது நிலையம்

மூசி ஆற்றங்கரையிலுள்ள உஸ்மானியா ஆஸ்பத்திரி, செகந்திராபாத்திலுள்ள காந்தி ஆஸ்பத்திரி, நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையம் போன்ற பெரிய ஸ்தாபனங்கள் ஹைதராபாத்தில் உள்ளன. இவற்றுடன், தெருவுக்குத் தெரு பத்து இருபது கட்டில்களுடன் நடைபெறும் நர்ஸிங் ஹோம்களும், எண்ணற்ற பரிசோதனைச் சாலைகளும், பல் வைத்தியசாலைகளும் அங்கு உண்டு. பெரிய ஸ்தாபனம் தனக்கென இயந்திரம் வைத்துக்கொள்ளலாம். பத்துக் கட்டில் உள்ள இடத்தில் அது எவ்வாறு இயலும்?

1990க்குப் பிந்திய ஆண்டுகளில் இக்கேள்விக்கு நாட்டில் கிடைத்த முதல் விடை எரிசூளையாகும். தலைநகர் டில்லியின் குப்பை குறித்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அளித்த தீர்ப்பில், 50 கட்டில்களும் அதற்கு மேலும் உள்ள ஆஸ்பத்திரிகள் எரிசூளையோ அதற்கு ஈடான வேறு சாதனமோ அமைக்க வேண்டுமெனப் பணித்தது. எனினும் ஆஸ்பத்திரி தோறும் சிறு எரிசூளை என்ற ஏற்பாடு நோயினும் கொடிய மருந்தாகக் கூடும் என்பது விரைவில் விளங்கிற்று. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் மூட்டப்படும் சூளை ஒருபோதும் வேண்டிய உஷ்ணத்தை எட்டி நிலைப்பதில்லை. ஈரக் கழிவும் பிளாஸ்டிக்கும் அரைகுறையாக வெந்து கரும்புகை எழுகிறது. அப்புகை நோயாளிகள் படுத்திருக்கும் ஜன்னலுக்கே திரும்பி வருகிறது.

1986ஆம் ஆண்டு சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய சர்க்கார் 1998 ஜூலையில் முதன்முறையாக உயிர்மருத்துவக் கழிவு விதிகளை வெளியிட்டது. 30 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகையுள்ள நகரங்களுக்கு 1999 டிசம்பர் இறுதி முதலில் தவணையாக வைக்கப்பட்டது. ஹைதராபாத் இவ்வகுப்பைச் சேர்ந்த நகரமாதலின் விரைந்து ஒரு வழி காண வேண்டியதாயிற்று. பல ஆஸ்பத்திரிகளின் கழிவை மூடிய வண்டிகளில் சேகரித்து, நகருக்கு வெளியே ஒரே இடத்தில் சிகிச்சைக்கு உட்படுத்தும் பொது நிலையம் என்ற முறை இந்தியாவில் முதலில் வேரூன்றிய நகரங்களுள் ஹைதராபாத்தும் ஒன்று. நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷாத்நகர்ப் பகுதியில் அத்தகைய நிலையம் ஒன்று அமைந்துள்ளது. தனியார் முதல் போட்டு நடத்த, மாசுத் தடுப்பு வாரியம் மேற்பார்வை செய்ய, ஆஸ்பத்திரிகள் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு இது.

கட்டணத்தை எவ்வாறு விதிப்பது என்பது வெறும் கணக்குப்பிள்ளையின் விஷயமன்று. எடைக்கு ஏற்பக் கட்டணம் எனில், ஆஸ்பத்திரி தன் கழிவைக் குறைத்துக் காட்ட முற்படும். பாதிப் பை நள்ளிரவில் தெருத்தொட்டிக்குப் போய்விடும். கட்டில் எண்ணிக்கைக்கு ஏற்ப நாள் கட்டணம் எனில், மறைப்பதற்குக் காரணமில்லை. ஆனால் பிரிப்பதற்கும் தூண்டுதல் இல்லாமற் போகும், சாதாரணக் குப்பையும் மஞ்சள் பையில் புகும். பெரும்பாலும் கட்டில் கணக்கே கைக்கொள்ளப்பட்டு வருகிறது. இரண்டு தீங்குகளுள் இது சிறியது என்றே கொள்ள வேண்டும். ஏனெனில் வீணாகும் பணத்தைப் பின்னர் கணக்கிட்டுத் திருத்தலாம். தெருவுக்குப் போன ஊசியைத் திரும்பப் பெற இயலாது.

1998ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2016 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையம் உள்ள இடத்தில் எந்த ஆஸ்பத்திரியும் தனக்கெனச் சிகிச்சைச் சாதனம் அமைக்கலாகாது என அவை கூறுகின்றன. சிகிச்சை செய்யப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. பை தோறும் பட்டைக் குறியீடு ஒட்டி, எந்த வார்டிலிருந்து புறப்பட்டது, எப்பொழுது நிலையம் சேர்ந்தது என்பதைத் தொடர்ந்து அறிய வழி செய்யப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 டன் இத்தகைய கழிவு சேர்ந்ததாகவும், 200க்கு மேற்பட்ட பொது நிலையங்கள் இயங்கியதாகவும் மத்திய மாசுத் தடுப்பு வாரியத்தின் கணக்கு கூறுகிறது.

நான்கு நிறங்கள்

2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவுகள் நான்கு நிறங்களில் பிரிக்கப்படுகின்றன. உடலுறுப்புகள், இரத்தமும் சீழும் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, காலாவதியான மருந்து முதலியன மஞ்சள் பையில் சேரும். குழாய்கள், குளுக்கோஸ் புட்டிகள், கையுறைகள், ஊசி நீக்கிய ஊசிக்குழல்கள் ஆகிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பையில் சேரும். ஊசி, கத்தி, பிளேடு முதலிய கூரிய பொருள்களுக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி உண்டு. கண்ணாடிக் குப்பிகளும் உடைந்த கண்ணாடியும், உடலில் பொருத்தி எடுத்த உலோகப் பொருள்களும் நீல அடையாளமிட்ட பெட்டிக்கு உரியன.

நிறத்தை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் காரணத்தை அறிவதே பயன் தரும். மஞ்சள் என்பது எரிப்பதற்கு. சிவப்பு என்பது எரிக்கக் கூடாததற்கு. இவ்விரண்டும் மாறினால் வரும் கேடு பெரிது. பிளாஸ்டிக் வகைகளுள் பி.வி.சி. என்பது குளோரின் அடங்கியது. அது எரியும்பொழுது, குறிப்பாகப் புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரி சென்டிகிரேட் வரை மெல்லக் குளிரும்பொழுது, சாம்பல் துகள்களின் மேல் டயாக்சின், ஃப்யூரான் என்னும் நச்சுப் பொருள்கள் உருவாகின்றன. இவை எளிதில் அழிவதில்லை. புல்லிலும் மண்ணிலும் படிந்து, மாட்டின் கொழுப்பிலும் பாலிலும் சேர்ந்து மனிதனை அடைகின்றன. இவற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. எரிக்கப்பட வேண்டிய பஞ்சையும் துணியையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து மஞ்சள் பையில் இடுவது சில இடங்களில் சுத்தத்தின் அடையாளமாகவே கருதப்படுகிறது. அது தவறு. குளோரினை அவ்வாறு சூளைக்கு அனுப்பி வைப்பது, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தீங்காகும்.

ஆகவே எரிசூளைக்கு இரண்டு அறைகள் விதிக்கப்பட்டுள்ளன. முதல் அறையில் 800 டிகிரி உஷ்ணத்தில் பொருள் எரிகிறது. அதிலிருந்து எழும் வாயு இரண்டாம் அறையில் 1050 டிகிரி உஷ்ணத்தில் குறைந்தது 2 வினாடி தங்க வேண்டும். முந்திய விதிகளில் இது 1 வினாடியாக இருந்தது. அதன்பின் வாயுவைச் சடுதியில் குளிரச் செய்து, மேற்கூறிய அபாயமான உஷ்ண நிலையை விரைவில் கடக்க வைப்பர். புகைபோக்கி 30 மீட்டர் உயரத்துக்குக் குறைதலாகாது. இவ்வளவையும் பத்துக் கட்டில் நர்ஸிங் ஹோமின் கொல்லைப்புறத்தில் நடத்த இயலாது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

நீராவியின் வேலை

சிவப்புப் பையிலுள்ள பொருள்கள் ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி அழுத்தக் கலத்துக்குச் செல்கின்றன. இதன் தத்துவத்தை ஆசிரியர்கள் சமையலறையில் உள்ள பிரஷர் குக்கரைக் கொண்டே விளக்கலாம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறுவதில்லை. மூடிய கலத்தில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அதிக அழுத்தம் ஏறினால் நீராவியின் உஷ்ணம் 121 டிகிரியை அடைகிறது. இந்நிலையில் சாதாரண ஆட்டோகிளேவில் கழிவு 60 நிமிடத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அழுத்தம் 31 பவுண்டாகவும் உஷ்ணம் 135 டிகிரியாகவும் உயர்த்தப்பட்டால் 45 நிமிடம் போதும்.

குக்கரில் ஆவி பீறிட்டு வந்த பின்னரே மூடியின் மேல் எடையை வைக்க வேண்டும் என்பது குடும்பப் பெண்கள் யாவரும் அறிந்ததே. அதற்குக் காரணம், உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும் என்பதாகும். காற்றும் ஆவியும் கலந்திருந்தால் அழுத்தமானி 15 பவுண்டு காட்டினும் உஷ்ணம் 121 டிகிரியை எட்டியிராது. ஆட்டோகிளேவில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இதனைச் சேர்ந்தவையே. பைகளை இடைவெளியின்றித் திணித்தல், வாயை இறுகக் கட்டிய கனமான பையை அப்படியே உள்ளே வைத்தல், நீர் நிறைந்த புட்டிகளைக் காலி செய்யாது ஏற்றுதல் ஆகியவற்றால் நடுப்பகுதியில் குளிர்ந்த காற்று தங்கிவிடுகிறது. மானியில் காட்டும் எண் சரியாக இருக்கும். பையின் நடுவில் கிருமி உயிருடன் இருக்கும்.

இதனால்தான் மானியை மட்டும் நம்பாது, உயிருள்ள சாட்சி ஒன்றையும் கலத்தினுள் அனுப்புகின்றனர். ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியத்தின் வித்துகள் உஷ்ணத்தைத் தாங்குவதில் மிகவும் வல்லவை. இவ்வித்துகள் 10 லட்சம் அடங்கிய சிறு குப்பியையோ பட்டையையோ பைகளின் நடுவே வைத்து, பின்னர் எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்ப்பர். வளர்ச்சி இல்லையெனில் மற்றக் கிருமிகளும் அழிந்தன எனக் கொள்ளலாம்.

கலத்திலிருந்து வெளிவரும் பிளாஸ்டிக் பொருள்களைத் துண்டாக்கும் இயந்திரத்தில் இட்டு நறுக்குகின்றனர். இடத்தைக் குறைப்பது மட்டுமே இதன் நோக்கமன்று. ஊசிக்குழல் இனி ஊசிக்குழலாக இயங்காதபடி செய்வதே முதல் நோக்கம். அதன் பின்னரே, அனுமதி பெற்ற மறுசுழற்சித் தொழிற்சாலைக்கு அத்துண்டுகள் விற்கப்படுகின்றன. நிலையத்துக்கு இதனால் சிறிது வருமானமும் உண்டு. மோடாசாவில் நேர்ந்ததை நினைவு கூர்ந்தால் இயந்திரத்தின் இந்தப் பற்கள் எத்தனை உயிர்களைக் காக்கக் கூடும் என்பது விளங்கும்.

கிராமத்தில் செய்ய வேண்டியது

நகரத்து ஏற்பாடு அனைத்தும் கிராமத் துணை சுகாதார நிலையத்துக்குப் பொருந்தாது. தெலங்கானா அமைவதற்கு முன், ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் 'பி' தடுப்பூசி போடும் பணி தொடங்கியபொழுது, ஒருமுறை இயங்கியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல்கள் உபயோகத்துக்கு வந்தன. பின்னர் நாடு முழுவதும் தடுப்பூசிப் பணியில் இம்முறை பரவிற்று. மறு உபயோகம் இதனால் தடைப்பட்டது. ஆனால் கழிவின் எண்ணிக்கை பெருகியது. குழந்தைக்கு ஓர் ஊசிக்குழல் எனில், முகாமின் முடிவில் அத்தனை ஊசிக்குழல்களையும் ஏதேனும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமன்றோ!

இதற்கென அளிக்கப்பட்டிருக்கும் ஊசிவெட்டும் சாதனத்தைக் கொண்டு, ஊசி போட்டவுடன், மூடியை மறுபடி மாட்டாமல், ஊசியை அதன் அடிப்பாகத்தோடு வெட்டிவிட வேண்டும். மூடியை மாட்ட முயலும்பொழுதே பலர் விரலில் குத்திக்கொள்கின்றனர். வெட்டிய ஊசி சாதனத்தின் கலத்தினுள்ளேயே தங்கும். ஊசிக்குழல் சிவப்புப் பையில் சேரும். முகாம் முடிந்ததும் அனைத்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமேயன்றிப் பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் குவித்துத் தீ மூட்டுதல் கூடாது. கிருமி நீக்கத்துக்கு 1 முதல் 2 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் தேவை. கடையில் கிடைக்கும் 5 சதவிகிதக் கரைசலில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்தால் 1 சதவிகிதமாகும். காலையில் கலக்கிய கரைசலை மறுநாளும் வைத்து உபயோகித்தலாகாது. குளோரினின் வீரியம் குறைந்துவிடும்.

பொது நிலையத்தின் வண்டி எட்டாத தொலைதூரக் கிராமங்களில் மட்டும் உடலுறுப்பு முதலிய மஞ்சள் வகைக் கழிவை ஆழக் குழியில் புதைக்க விதி இடந்தருகிறது. குழி 2 மீட்டர் ஆழம் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறை கழிவு இட்டதும் 10 சென்டிமீட்டர் மண் போட்டு மூட வேண்டும். பாதியளவு நிரம்பியதும், மேல்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழ் வரை சுண்ணாம்பு இட்டு, எஞ்சியதை மண்ணால் நிரப்ப வேண்டும். நிலத்தடி நீர் குழியின் அடிமட்டத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் கீழே இருக்க வேண்டும். தெலங்கானாவின் பாறை நிலத்தில் வெடிப்புகளின் வழியே நீர் வெகுதூரம் ஓடுமாதலின், கிணற்றுக்கு அருகே குழி தோண்டுவது விரும்பத் தக்கதன்று.

கொரோனா காலத்தின் பாடம்

2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபொழுது செகந்திராபாத் காந்தி ஆஸ்பத்திரி அந்நோய்க்கெனவே ஒதுக்கப்பட்டது. கோவிட் வார்டுக் கழிவை இரட்டைப் பைகளில் இட்டுத் தனி அடையாளத்துடன் அனுப்ப வேண்டுமென மத்திய வாரியம் மார்ச்சு மாதத்திலேயே அறிவித்தது. அச்சத்தின் காரணமாக நாட்டின் பல இடங்களில் நோயாளியின் உணவுத் தட்டு, தண்ணீர் பாட்டில், மருந்து உறை, பழத்தோல் யாவும் மஞ்சள் பையில் சேர்ந்தன. ஈரமும் பிளாஸ்டிக்கும் மிகுந்து எரிசூளைகள் திணறின. நோயாளியின் உமிழ்நீரோ பிற கசிவோ படாத இத்தகைய பொருள்களைச் சாதாரணக் குப்பையாகவே பிரிக்க வேண்டுமென ஜூலை மாதத்தில் வாரியம் விளக்கம் அளிக்க நேர்ந்தது. கட்டுரையின் முதலில் கூறிய 15க்கும் 100க்கும் உள்ள கணக்கு, நெருக்கடி காலத்தில் இன்னும் வேகமாகத் தன்னைக் காட்டிக்கொண்டது.

வீடுகளிலும் பள்ளிகளிலும்

நீரிழிவு நோயுள்ளோர் வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்வது பெருகியுள்ளதால், ஊசிகள் இப்பொழுது ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் வருவதில்லை. வீட்டில் உண்டாகும் ஊசியும் கட்டுத்துணியும் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில் வீட்டு அபாயக் கழிவு என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டன. இவற்றை மக்கும் குப்பையோடும் பழைய பிளாஸ்டிக்கோடும் சேர்க்காது தனியே ஒப்படைக்க வேண்டும்.

வகுப்பில் ஆசிரியர்கள் செய்து காட்டக்கூடிய சோதனை ஒன்றுண்டு. பதினைந்து காகிதத் துண்டுகளைச் சிவப்பு மையில் நனைத்து, உலர்ந்த எண்பத்தைந்து வெள்ளைத் துண்டுகளுடன் ஒரு பையில் இட்டுக் குலுக்கச் செய்க. பின்னர் எத்தனை துண்டுகளில் மைக்கறை உள்ளது என்பதை மாணவர்களே எண்ணட்டும். அடுத்து, அதே எண்ணிக்கையை இரண்டு பைகளில் பிரித்து இட்டுக் குலுக்கி எண்ணட்டும். மாணவர் ஒருவர் வீட்டில் இன்சுலின் ஊசி உபயோகிப்போர் இருப்பின், தடித்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் மேல் 'ஊசி' என எழுதி, மூடியுடன் அவர்களிடம் கொடுத்து, முக்கால் பாகம் நிரம்பியதும் திருகி மூடிக் குப்பை வாங்க வரும் ஊழியரின் கையில் தனியாக, வாயாலும் தெரிவித்து, ஒப்படைக்கும்படி சொல்லி அனுப்பலாம்.